சிற்றறை வாழ்வும் சீதன மனையும்

விழா மலருக்கென வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பிவைக்கும் நிழற்படங்களிலே வானளாவிய கோபுரங்கள் உண்டு. பளபளக்கும் மோட்டார் வண்டிகள் உண்டு. நீரூற்றும் பூங்காவும் உண்டு. அவ்வன்பர் இராப்பொழுதில் தலைசாய்க்கும் இடம் மட்டும் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலும் அவ்விடம் பற்றிப் பேச்செழுவதில்லை. நன்கொடைப் பட்டியலில் அவர் பெயரைக் காண்கின்றோம், கைதட்டுகின்றோம், எத்துணை அடி அகலமுள்ள அறையிலிருந்து அப்பணத்தை அனுப்பினார் என்று கேட்பதில்லை. கேட்பது நாகரிகமன்று என எண்ணுகின்றோம் போலும். கேட்கவேண்டும் என்பதே எமது கருத்து.

இந்துக் கல்லூரியிற் பயின்று, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று ஒலுவிற் பகுதியிலே தமிழ் கற்பித்துவரும் எமக்கு இக்கரையின் இரு சமூகத்தாரையும் அணுகியறியும் வாய்ப்புக் கிட்டியுள்ளது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று கடலோரமாய் நீளும் இந்நிலத்திலே தமிழர் மனையும் முஸ்லிம்கள் மனையும் அடுத்தடுத்து உள்ளன. கோயிலும் பள்ளிவாசலும் வேறு. உப்புக்காற்றும் வயற்சேறும் ஒன்றே. பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கு வழியனுப்புவதிலும் இரு சாராரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்ததன் பின்னர் தொடங்கிய இப்பெயர்வுக்கென அரசாங்கம் 1985இல் ஒரு பணியகத்தையே சட்டத்தால் நிறுவிற்று. நாடு பொருளிழந்து தத்தளித்த 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைதேடி வெளியேறினர். எம் வகுப்பில் முன்வரிசையில் இருந்தவர்களும் அவர்களுட் சிலர்.

அங்கே அவர்கள் எவ்வாறு உறைகின்றனர்? கட்டடத் தொழிலாளரை நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள முகாம்களில் நிறுவனங்களே தங்கவைக்கும். எழுதுவினைஞர், கடை விற்பனையாளர், வண்டி ஓட்டுநர், கணக்காளர் முதலியோரே நகரத்துள் அறை தேடுவோர். எம் கல்லூரி மாணவர் பெரும்பாலும் இவ்வகுப்பினர். டுபாயின் டேரா, சத்வா, கராமா முதலிய பகுதிகளிலே தொடர்மாடி வீடொன்றை ஒருவர் வாடகைக்கு எடுப்பார். அதன் கூடத்தை மரப்பலகையாலோ அட்டைப்பலகையாலோ மறைத்து மூன்று நான்கு அறைகளாக்குவார். ஒவ்வோர் அறையிலும் இருதட்டுக் கட்டில்கள். வாடகைக்கு விடப்படுவது வீடுமன்று, அறையுமன்று, ஒரு கட்டில். 'பெட் ஸ்பேஸ்' என்பது அதற்கு அங்கு வழங்கும் பெயர். மேற்றட்டு மலிவு, கீழ்த்தட்டுச் சற்று விலை கூடியது. கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை. அடியில் ஒரு பெட்டி. தலைமாட்டில் ஓர் ஆணி, அதிலே நாளைய சட்டை. குளியலறைக்கு வரிசை உண்டு. அடுப்புக்கு முறை உண்டு. மணமான ஆடவனும் குடும்பமின்றித் தங்கினால் அந்நாடுகளில் 'பேச்சுலர்' என்றே அழைக்கப்படுவான். மூன்று பிள்ளைகளின் தந்தையை மணமாகாதவன் என்று மொழியும் ஒரு சொல்வழக்கு உலகில் வேறெங்கும் உண்டோ என நாம் ஐயுறுகின்றோம்.

கடல்கடந்த செலவு மகளிரொடு இல்லை என்று தொல்காப்பியர் விதித்தார். அக்கால வழக்கம் அது. இக்காலத்தில் அதே விதியைச் சம்பளப் பட்டியல் விதிக்கின்றது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் வகுக்கப்பட்ட முறைப்படி, குடும்பத்தை அழைக்க விரும்புபவன் மாதம் 4,000 திர்ஹம், அன்றி உறையுளுடன் 3,000 திர்ஹம் பெறுதல் வேண்டும். கட்டார் நாட்டில் 2021 மார்ச்சு மாதந்தொட்டுக் குறைந்தபட்ச ஊதியம் 1,000 றியால். தொழில்தருநர் இடமும் உணவும் கொடாதவிடத்து உறையுளுக்கு 500, உணவுக்கு 300 மேலதிகம். அவ்வைந்நூறு றியாலில் தனியறை தேடுவது எத்தகைய முயற்சி என்பதைத் தோகாவில் உள்ள எம் அன்பர்களைக் கேட்டாற் கூறுவர். பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணைக்கு உரியதாக்கிய புலவர்கள் பிரிந்தோன் நடந்து சென்ற வெயிலையும் வறண்ட சுனையையும் விரித்துப் பாடினரேயன்றிச் சென்றடைந்த ஊரில் அவன் எங்கே துயின்றான் என்று பெரிதும் பாடவில்லை.

ஆயினும் அச்சிற்றறையை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. புறாக்கூடு என்றும் மாட்டுக்கொட்டில் என்றும் ஊரிலிருந்து ஏளனம் செய்வோரோடு நாம் உடன்படோம். அங்கே ஒழுங்கு உண்டு. இரவுவேலை முடித்து வந்தவன் உறங்கும்போது ஏனையோர் ஒளியைத் தணித்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுவர். ஒருவனுக்கு வேலை போயிற்றென்றால் ஒரு மாத வாடகையை மற்றையோர் பங்கிட்டுக் கொடுப்பர். வெள்ளிக்கிழமைச் சமையலில் ஊர்க்கறியின் மணம் எழும். 1985லும் 1990லும் எம் கரையில் நிகழ்ந்தவற்றை மூத்தோர் மறந்திரார். ஒருவர் தெருவில் மற்றவர் கால்வைக்க அஞ்சிய காலம் அது. அவ்வாண்டுகளின் பின் வளைகுடாவுக்குச் சென்ற தமிழ் இளைஞனும் முஸ்லிம் இளைஞனும் ஒரே கட்டிலின் மேற்றட்டிலும் கீழ்த்தட்டிலும் உறங்கினர் என்பதை அவ்விருவரின் வாய்மொழியாலேயே கேட்டுள்ளோம். 'மச்சான்' என்று அங்கே தொடங்கிய விளி இங்கே இன்றும் நிற்கின்றது. சமாதான மாநாடுகள் பலவற்றிலும் காணாத பயனை ஒரு திரைச்சீலைக் கட்டில் தந்ததென்றால் அதனை எவ்வாறு இழித்துரைப்பது?

எம் பெண்மக்களுட் பணிப்பெண்களாய்ச் சென்றோருக்கு இந்தத் தோழமையும் இல்லை. பிறர் வீட்டு மூலையே அவர்களது உறையுள். அது தனியாக எழுதப்படவேண்டிய பொருள்.

இனி, கனடா சென்றோர் கதை சற்று வேறு. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர்ப் புறப்பட்டோருட் பலர் ரொறன்ரோ நகரைச் சேர்ந்தனர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் கரைசேர்த்த செய்தியை அறியாதார் இலர். அந்நகரின் நடுவே சென்ற் ஜேம்ஸ் ரவுண் என்றொரு தொடர்மாடித் தொகுதி 1960களிலே எழுந்தது. மணமாகாத இளம் உத்தியோகத்தர்க்கென எண்ணிக் கட்டப்பட்ட சிறுசிறு மனைகள் அவை. இருபது ஆண்டுகளுக்குள் அவற்றிலே எம்மவர் குடும்பம் குடும்பமாய்க் குடியேறினர். ஒரு படுக்கையறையில் தாய் தந்தையர், கூடத்தில் பிள்ளைகள், ஊரிலிருந்து புதிதாய் வந்த மைத்துனன் சோபாவில். ஒருவர் பகலில் உணவகத்திலும் மற்றவர் இரவில் தொழிற்சாலையிலும் உழைத்தனர். சில ஆண்டுகள் கழித்து ஸ்காபரோவுக்குப் பெயர்ந்தனர்; பின்னர் மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று சொந்த வீடு தேடிச் சென்றனர். வீடு வாங்கியவர் அதன் கீழுள்ள நிலவறையைப் புதிதாய் வந்தவர்க்கு வாடகைக்கு விட்டார். அவ்வாடகை ஈட்டுக்கடனுக்குத் துணையாயிற்று. ஆகவே சிற்றறையை அவர்கள் விட்டுநீங்கினர் என்பது முற்றும் சரியன்று. தம் வீட்டுக்கு அடியிலே அதனைக் கொண்டுசென்றனர்.

இலண்டனின் கிழக்குப் பகுதியிலும் பாரிஸின் லா சப்பல் தெருக்களிலும் இதே ஒழுங்கே நிகழ்ந்தது. அதற்கும் முன்னே, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவுக்கு எழுதுவினைஞராயும் புகையிரத நிலைய அதிபராயும் சென்ற யாழ்ப்பாணத்தார் அரசாங்க விடுதிகளில் வாழ்ந்து ஓய்வூதியத்தோடு மீண்டு ஊரிற் கல்வீடு கட்டினர். மலாயன் பென்சனியர் என்ற சொல் அதன் எச்சம்.

வேறுபாடு எங்கேயுள்ளது? சதுர அடியில் அன்று. ரொறன்ரோவிலே சிற்றறையை விட்டு எப்போது வெளியேறுவது என்பதை அதில் வாழ்பவனே பெரும்பாலும் தீர்மானித்தான். அந்நாட்டுச் சட்டம் அவனுக்கு நிலைத்திருக்க இடங்கொடுத்தது. வங்கி கடன் கொடுத்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது. வளைகுடாவிலோ அவன் என்றும் விருந்தினன். ஒப்பந்தம் முடிந்தால் இருப்புரிமையும் முடியும். 1990 ஆகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்துட் புகுந்தபோது எம் நாட்டவர் ஆயிரமாயிரம் பேர் கட்டிலையும் பெட்டியையும் கைவிட்டு ஓடிவந்தனர். அவனுக்கு அடுத்த வீடு என்பது அந்நகரிலே இல்லை, ஊரிலேதான் உண்டு. ஊரில் அவ்வீடு எப்போது எழும், எத்துணைப் பெரிதாக எழும் என்பதைத் தீர்மானிப்போர் யார்? நாமே. ஊரில் இருக்கும் நாம்.

இங்கே எம் கரையின் வழக்கத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்திலே தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழி வருவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கே வருவான். அவ்வீடு பெண்ணுக்குப் பெற்றோர் கொடுக்கும் சீதனம். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வேறொரு சிறுமனைக்கு ஒதுங்கும் வழக்கமும் உண்டு. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலிலே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். பெண்ணின் பெயரிலே ஒரு கூரை நிற்பது நன்று. கணவன் கைவிடினும் இறப்பினும் அவள் தெருவில் நில்லாள். 2004 டிசம்பர் 26இன் பேரலை மருதமுனை தொட்டுத் தெற்கே பல ஊர்களை வாரிச் சென்றபின், கிழக்கே 200 மீற்றர் அளவுக்குள் வீடுகட்டத் தடை விதிக்கப்பட்டு, தற்காலிகக் கொட்டில்களிற் காத்திருந்த காலத்தில், வளவை இழந்த பெண் எதனை இழந்தாள் என்பதை இக்கரை கண்ணாரக் கண்டது. ஆதலால் சீதன வீட்டை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குவோர் கூட்டத்தில் நாம் இல்லை.

நாம் வினவுவது அதன் பருமனை. ஓடு வேய்ந்த இரண்டறை வீடு போதும் என்றிருந்த காலத்தில் தந்தையின் இருபோக வேளாண்மையும் தாயின் நெசவும் அதற்குப் போதியனவாயின. இன்று வீடென்றால் முன்மண்டபம், வழுவழுப்பான தரைக்கல், மேன்மாடி, தேக்கங்கதவு. வேளாண்மையில் அதற்குப் பணம் இல்லை. கடற்றொழிலிலும் இல்லை, 2013இல் திறக்கப்பட்ட ஒலுவிற்றுறைமுகத்தின் வாயை மணல் அடைக்க, அதன் வடபாற் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளையும் தோணி இழுக்கும் இடங்களையும் விழுங்கியதை அறிவீர்கள். ஆகவே உடன்பிறந்தான் புறப்படுகின்றான். ஒரு தங்கைக்கு ஒரு வீடு. இரு தங்கையர்க்கு இரு வீடு. 2022இல் சீமெந்து விலை ஓராண்டுக்குள் இரு மடங்குக்கு மேலாயிற்று. வீடு சிறுத்ததா? இல்லை, கட்டில் வாசம் நீண்டது. இரண்டாண்டென்று போனவன் ஆறாண்டு இருக்கின்றான். அவனுடைய திருமணம் தங்கையர் திருமணத்தின் பின். அதன்பின் அவன் மகள் பிறக்கின்றாள். அவளுக்கொரு வீடு வேண்டும்.

அவ்வாறு எழுந்த வீடுகளுட் சிலவற்றுக்கு நாம் சென்றிருக்கின்றோம். முன்மண்டபம் விருந்தினருக்கென்று பூட்டியிருக்கும். மேன்மாடியின் இரும்புக் கம்பிகள் பூச்சின்றி வானை நோக்கி நிற்கும். வீட்டார் பின்புறத்துச் சிற்றறை ஒன்றிலும் குசினியிலுமாகப் புழங்குவர். அதாவது, அனுப்புபவன் அங்கே ஒரு மூலையில் வாழ்கின்றான். பெறுபவர் இங்கே ஒரு மூலையில் வாழ்கின்றனர். இடையிலுள்ள பெருவீட்டில் ஒருவரும் வாழவில்லை. இதனைச் சொன்னால் எம்மைப் பொறாமைக்காரர் என்பர். ஆசிரியனுக்கு அப்பெயர் புதிதன்று.

வீடு என்னும் சொல் 'விடு' என்பதன் அடியாகப் பிறந்தது. விடுதலையும் வீடு; மனையும் வீடு. பயணத்தை விட்டுத் தங்கும் விடுதியும் அதே வேரினது. தங்குமிடம் எதுவாயினும் அங்கே வாழ்வு நடைபெறுகின்றது என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். புகாரின் பெருமனையில் வாழ்ந்த கண்ணகிக்கு மதுரைப் புறஞ்சேரியில் மாதரி கொடுத்தது ஒரு சிற்றில். அச்சிற்றிலிலேதான் அவள் தன் கையாற் சமைத்துக் கணவனுக்குப் படைத்தாள்; அவ்விருவரும் மனம்விட்டுப் பேசியதும் அங்கேதான். வைகாசிக் குளிர்த்தியில் ஆண்டுதோறும் கண்ணகியை வழிபடும் எம்மவர், காவியத்தின் அப்பகுதியைச் சோகத்தின் முன்னுரையாக மட்டும் படிக்கின்றனர். அது ஓர் இல்லறமுமாகும் என வகுப்பில் நாம் கூறுவதுண்டு.

ஆதலின் சிற்றறையில் இருப்போருக்கும் ஒன்று சொல்வோம். வாழ்வை ஊர்வீடு முடியும்வரை ஒத்திவையாதீர். கட்டிற்றலைமாட்டில் இரண்டு தமிழ்நூல் வைக்க இடம் உண்டு. ஒரு மொழி கற்க, ஒரு தொழிற்சான்றிதழ் பெறப் பொழுது உண்டு. கனடாவிலே சென்ற் ஜேம்ஸ் ரவுண் கூடத்தில் உறங்கிய பிள்ளைகள் இன்று மருத்துவராயும் வழக்கறிஞராயும் விளங்குகின்றனர். ஆனால் சொந்த வீடு வாங்கியபின் தமிழ் படிப்பிக்கலாம் என்று காத்திருந்த பெற்றோருட் சிலர், வீடு வந்தபோது பிள்ளைகளின் நாவிலே தமிழ் இல்லாதிருக்கக் கண்டனர். வேறு எதனையும் பின்னர் வாங்கலாம். ஏழு வயதை வாங்குதல் இயலாது.

புறப்படவிருக்கும் மாணவருக்கு வேறொன்று. 2024 ஜூன் 12ஆந் திகதி குவைத்தின் மங்காப் என்னும் இடத்திலே தொழிலாளர் தங்கிய மாடிக் கட்டடம் ஒன்று அதிகாலையில் தீப்பற்றிற்று. இறந்தோருட் பெரும்பாலோர் இந்தியர். கேரளத்தாரே மிகுதி, தமிழ்நாட்டாரும் இருந்தனர். தீயினும் புகையே பலரைக் கொன்றது. அறைகளைப் பிரித்த தடுப்புகள் எளிதில் எரிபவை என்றும், கூரைக்குச் செல்லும் கதவு பூட்டியிருந்ததென்றும் அப்போது செய்திகள் வந்தன. டுபாய் நகராட்சி அனுமதியற்ற தடுப்பறைகளை அகற்ற 2025இல் கடும் நடவடிக்கை தொடங்கிற்று; அங்கே 2022 முதல் ஒரு வீட்டில் உடனுறைவோர் அனைவர் பெயரும் பதியப்படவேண்டும். ஆகவே கட்டிலின் வாடகையைக் கேட்குமுன் படிக்கட்டு எங்கே என்று கேளுங்கள். பலகணி திறக்குமா என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது, உங்கள் பெயர் அதில் ஏறுமா என்று வினவுங்கள். முற்பணம் கொடுத்தாற் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வெட்கப்படற்க. இவ்விபரங்களை ஒரு சிறு பிரசுரமாகத் தொகுத்து, உயர்தரம் முடித்துச் செல்வோருக்கு வழங்கும் பணியைப் பழைய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளைகள் ஏற்கலாம். விளையாட்டரங்கத்துக்கு நிதி சேர்ப்பதினும் செலவு குறைந்த பணி அது.

ஊரில் இருப்போர் செய்யக்கூடியதும் உண்டு. எம் கரையின் மேசன்மார் வீட்டை வளரவிட்டுக் கட்டுவதில் வல்லவர். அத்திவாரத்தை வலுவாக இட்டு, முதலில் இரண்டறையும் குசினியும் கட்டிக் குடிபுகலாம். ஏனையவற்றைத் தம்பதியர் தம் உழைப்பாற் பின்னர்ச் சேர்க்கலாம். மணமகன் வீட்டார் பெண்பார்க்க வரும்போது மாடிப்படியைத் தேடாதிருக்க வேண்டும். அதற்குப் பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் வாய்திறக்க வேண்டும். இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே சொல்லைச் சொன்னால் ஊர் கேட்கும். அண்மையில் எம்மிடம் படித்த ஒருத்தி, தன் அண்ணன் அனுப்பிய பணத்தில் மேன்மாடி வேண்டாம் என்று தந்தையிடம் வாதிட்டு வென்றாள். அண்ணன் எத்தனை ஆண்டு முன்னதாக வரலாம் என்பதைப் பயிற்சிக் கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்திருந்தாளாம். கணிதத்தில் அவள் அத்துணைக் கெட்டிக்காரியல்லள் என்று அவளுடைய கணித ஆசிரியர் எம்மிடம் குறைபட்டதுண்டு. அக்கணக்கை மட்டும் அவள் பிழையின்றிச் செய்திருந்தாள்.